சிறிமாவோ அம்மையாரும் நம்ம ஊர்த் தேர்தலும்



மலருக்கு ஒரு பெண் தலைவரின் வாழ்க்கையை எழுதித் தரணும் என்று செயற்குழுவில் கேட்டார்கள். நான் சிறிமாவோ பண்டாரநாயக்க பெயரைச் சொன்னேன். உலகத்திலேயே முதன்முதலில் பிரதமரான பெண் அவர். பெயரைச் சொன்னதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. டான்டீ லைனில் இருந்து வரும் சகோதரி ஒருவர் எழுந்து, அந்த அம்மா போட்ட ஒப்பந்தத்தில்தான் எங்க அம்மா கைக்குழந்தையோட கப்பல் ஏறி வந்தாங்க, அவங்க கதையை நம்ம புத்தகத்தில் ஏன் போடணும் என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சிறிமாவோ 1916 ஏப்ரல் 17 அன்று இலங்கையின் இரத்தினபுரியில் பிறந்தார். ரத்வத்தை என்ற பெரிய நிலக்கிழார் குடும்பம். ஆறு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். கொழும்பில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தாலும் கடைசிவரை பௌத்தராகவே இருந்தார். 1940-ல் அரசியல்வாதி எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சுனேத்திரா, சந்திரிகா, அநுரா என்று மூன்று பிள்ளைகள். வீட்டுக்கு வருகிற அரசியல்வாதிகளுக்கு விருந்து வைப்பதும் பிள்ளைகளை வளர்ப்பதும்தான் இவர் வேலை என்று வெளியில் எல்லோரும் நினைத்தார்கள்.

வெளியில் தெரியாத ஒரு வேலை இருந்தது. அது நமக்கு ரொம்ப நெருக்கமான வேலை. 1941-ல் அவர் லங்கா மகிளா சமிதி என்ற பெண்கள் சங்கத்தில் சேர்ந்தார். மேரி ரத்னம் என்ற கனடா நாட்டுப் பெண் மருத்துவர், ஒரு தமிழரை மணந்து இலங்கையில் வாழ்ந்தவர், கிராமத்துப் பெண்களுக்காகத் தொடங்கிய சங்கம் அது. நம்ம குழு மாதிரியே ஊர் ஊராகப் பெண்கள் சேர்ந்து கூட்டம் போடுவார்கள். சிறிமாவோவுக்கு அங்கே கிடைத்த முதல் வேலை, விவசாயம் தெரிந்தவர்களைப் பார்த்துப் பேசி, நெல் விளைச்சலைக் கூட்டும் வழிகளைக் கிராமத்துப் பெண்களுக்குக் கொண்டுபோவது. பிறகு பொருளாளர், துணைத் தலைவர், தலைவர் என்று படிப்படியாக வந்தார். பெண் பிள்ளைகள் படிப்பு, குடும்பக் கட்டுப்பாடு, பெண்களின் அரசியல் உரிமை என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

1951-ல் கணவர் பழைய கட்சியை விட்டு விலகிப் புதுக் கட்சி தொடங்கியதற்குப் பின்னால் இவருடைய வற்புறுத்தலும் இருந்தது. 1952 தேர்தலில் கணவர் நாடு முழுக்கச் சுற்றினார். அத்தனகல்லை என்ற அவருடைய சொந்தத் தொகுதியில் ஓட்டுக் கேட்டு நடந்தவர் சிறிமாவோ. 1956-ல் கணவர் பிரதமரானார்.

1959 செப்டம்பர் 25. கொழும்பில் அவர்கள் வீட்டிலேயே, வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த கணவரை ஒரு பௌத்த பிக்கு சுட்டார். மறுநாள் உயிர் போய்விட்டது. அப்போது சிறிமாவோவுக்கு 43 வயது, கடைசிப் பையனுக்குப் பத்து வயது. தலைவர் இல்லாமல் கட்சி தடுமாறியது. மூத்த ஆண் தலைவர்கள் பலர் இருந்தும் 1960 மே மாதம் இவரைத்தான் தலைவராக வரச் சொன்னார்கள். முதலில் தயங்கிப் பிறகு ஒப்புக்கொண்டார்.

பேச்சு அப்போதுதான் ஆரம்பித்தது. மேடையில் கணவரைப் பற்றிச் சொல்லும்போது அவர் கண் கலங்கினால், அழுகிற விதவை என்று எதிர்க்கட்சிக்காரர்கள் பட்டம் கட்டினார்கள். கணவர் இருந்த காலத்தில் இவர் கட்டி ஆண்டது அடுப்படியை மட்டும்தான், இவருக்கு அரசியலில் என்ன தெரியும் என்று கணவர் வழி உறவிலேயே ஏளனம் செய்தார்கள். பதினெட்டு வருஷம் சங்கத்தில் உழைத்ததும், 1952-ல் தொகுதியைத் தாங்கியதும் யார் கணக்கிலும் வரவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்கணும். எதிர்க்கட்சித் தலைவராக நின்றவர் டட்லி சேனநாயக்க. அவருடைய அப்பா டி.எஸ். சேனநாயக்க சுதந்திர இலங்கையின் முதல் பிரதமர். 1952-ல் அப்பா குதிரையில் இருந்து விழுந்து இறந்ததும் மகன் பிரதமரானார். மாமன் மருமகன் கட்சி என்று அந்தக் கட்சியை ஊரே கேலி செய்ததும் உண்மைதான். ஆனால் அப்பா இறந்து பதவிக்கு வந்த மகனைப் பார்த்து, ஆம்பளைக்கு நாடாளத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கணவர் இறந்து வந்த பெண்ணைப் பார்த்துத்தான் கேட்டார்கள். சொந்தபந்தத்தால் பதவிக்கு வருவது தப்பு என்றால் இரண்டு பேருக்கும் தப்புதானே?

1960 ஜூலைத் தேர்தலில் 151 தொகுதிகளில் 75-ஐ அவர் கட்சி பிடித்தது. அவர் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை, ஜூலை 21 அன்று பிரதமராகப் பதவி ஏற்று, அதன் பிறகு செனட் சபை உறுப்பினரானார். ஒரு பெண் பிரதமரை எந்தச் சொல்லால் அழைப்பது, இனிமேல் புதுச் சொல் கண்டுபிடிக்கணுமோ என்று லண்டன் பத்திரிகை எழுதியது. இதே அம்மையார் பின்னாளில் கறாராக முடிவெடுத்தபோது, அந்த அமைச்சரவையில் அவர் ஒருவர்தான் ஆம்பளை என்று பேசினார்கள். அழுதால் பலவீனம், அழாவிட்டால் பெண்ணே இல்லை.

இனி நம்ம சகோதரி கேட்டதுக்கு வருகிறேன். சிறிமாவோ ஆட்சியில் தமிழருக்கு நடந்ததை மறைத்து எழுதினால் அது பொய்க் கதை. 1961 ஜனவரி முதல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் முழுசாக நடைமுறைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் தமிழர்கள் சத்தியாகிரகம் இருந்தார்கள். அவசரநிலை போட்டு, ராணுவத்தை அனுப்பி, தமிழ்த் தலைவர்களைக் காவலில் வைத்தார்கள். 1964 அக்டோபரில் நம்ம நாட்டுப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியோடு அவர் ஒப்பந்தம் போட்டார். அப்போது அங்கே தேயிலைத் தோட்டங்களை நம்பி நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கணும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசும் எழுதிக்கொண்டன. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. பரம்பரையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நம்ம நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய டான்டீ. அந்தக் குடும்பத்துப் பெண்கள் இன்று நம்ம குழுக்களில் இருக்கிறார்கள்.

1964 டிசம்பரில் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் மசோதாவால் சொந்தக் கட்சிக்காரர்களே பிரிந்துபோய், ஒரே ஒரு ஓட்டில் அவர் ஆட்சி தோற்றது. 1965 தேர்தலில் கட்சி தோற்றாலும் அத்தனகல்லையில் நின்று ஜெயித்தார். 1970-ல் கூட்டணி சேர்ந்து 151-ல் 116 இடம் பிடித்து மறுபடியும் பிரதமரானார். 1972-ல் சிலோன், இலங்கைக் குடியரசு ஆனது. அரிசிக்கும் ரொட்டிக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலமும் அதுதான். 1975-ல் முடிய வேண்டிய ஆட்சியை இரண்டு வருஷம் நீட்டினார்கள். 1977-ல் மக்கள் கணக்குத் தீர்த்தார்கள். அவர் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 8 இடம்.

அடுத்து வந்த அரசு, ஆட்சியை நீட்டியது உள்ளிட்ட குற்றங்களைச் சொல்லி 1980-ல் அவர் குடியியல் உரிமைகளை ஏழு வருஷத்துக்குப் பறித்தது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் நிற்க முடியவில்லை. 1986-ல் உரிமை திரும்பக் கிடைத்தது. 1988-ல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று பிரேமதாசவிடம் தோற்றார். 1994-ல் மகள் சந்திரிகா ஜனாதிபதியாகி அம்மாவை மூன்றாவது முறையாகப் பிரதமராக்கினார். 2000 ஆகஸ்டில் உடம்பு முடியாமல் விலகினார். அதே வருஷம் அக்டோபர் 10, பொதுத்தேர்தல் நாள். 84 வயதில் போய்த் தன் ஓட்டைப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் உயிர் பிரிந்தது.

இந்தக் கதையை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று இப்போது சொல்கிறேன். 2019 உள்ளாட்சித் தேர்தலில் நான் தலைவர் பதவிக்கு நின்றது உங்களில் பலருக்குத் தெரியும். பதினோரு வருஷம் குழுவின் கணக்கு எழுதியவள், வங்கிக் கடனை ஒரு தவணை தவறாமல் கட்ட வைத்தவள் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டேன். அதில் ஒரு கேள்வியும் வரவில்லை. ராத்திரி கூட்டத்துக்குப் போனால் வீட்டில் சோறு யார் பொங்குவது, பின்னால் இருந்து நடத்தப்போறது வீட்டுக்காரர்தானே, ஜீப்பில் ஆம்பளைங்களோட போறாளே என்றுதான் கேட்டார்கள். 41 ஓட்டில் தோற்றேன். தோற்றதைவிட, கேட்டவர்களில் நம்ம பெண்களும் இருந்ததுதான் எனக்கு வலித்தது. வேறொரு வேட்பாளரைப் பற்றி அதே மாதிரி நானும் முன்னால் பேசியிருக்கிறேன் என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

சிறிமாவோ அம்மையாரைக் கும்பிடச் சொல்லி நான் எழுதவில்லை. அந்த ஒப்பந்தத்துக்காக நம்ம சகோதரிக்குக் கோபம் இருந்தால் அது நியாயமான கோபம். அவர் செய்த வேலையைப் பார்த்து வருகிற கோபம் அது. அதே கேள்வியைச் சாஸ்திரியிடமும் கேட்கலாம், அவரும்தானே கையெழுத்துப் போட்டார்? ஆனால் அவர் அழுததையும், தாலி இல்லாததையும், அடுப்படியையும் சொல்லித் திட்டியவர்கள் ஒரு தமிழருக்காகவும் திட்டவில்லை. பெண் என்பதற்காகத் திட்டினார்கள். இந்த இரண்டையும் நாம் பிரித்துப் பார்க்கப் பழகணும்.

கட்டுரையைப் படித்துக் காட்டியபோது அந்தச் சகோதரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எங்க அம்மா வந்த கதையையும் சேர்த்துப் போட்டதால் இருக்கட்டும் என்றார். அடுத்த தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நிற்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார்.

உள்ளாட்சியில் பாதி இடம் நமக்குச் சட்டப்படி உண்டு. நம்ம குழுவில் இருந்து யார் நின்றாலும், குடிதண்ணீருக்கு என்ன செய்வாய், நூறு நாள் வேலைக் கணக்கைக் காட்டுவாயா, ரோட்டை எப்போ போடுவாய் என்று நன்றாகக் கேளுங்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் ஓட்டுப் போடாதீர்கள். சோறு யார் பொங்குவது என்று மட்டும் கேட்க வேண்டாம். போன முறை நின்ற ஆண் வேட்பாளர்கள் மூன்று பேரிடமும் அதை யாரும் கேட்கவில்லை.