9000 வருஷக் குத்தகை

கின்னஸ் சாதனைப் புத்தகம் தெரியும்ல? அந்தப் பேரு ஆர்தர் கின்னஸ் தொடங்கின பீர் கம்பெனியில் இருந்து வந்தது, நண்பா. அப்பா வேலை பார்த்த பேராயர், இவருக்கு உயிலில் 100 பவுண்டு எழுதி வைத்திருந்தார். 1755-ல் அயர்லாந்தின் லெய்க்ஸ்லிப்பில் சின்னதாக பீர் காய்ச்ச ஆரம்பித்தார். 1759-ல் டப்ளினில் மூடிக்கிடந்த ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார்: வருஷம் 45 பவுண்டு, 9000 வருஷத்துக்கு!

ஆனா தண்ணி இல்லாம பீர் ஏது? 1775-ல் மாநகராட்சி ஆட்கள் ஆலைக்கு வரும் தண்ணீரை அடைக்க வந்தாங்க. மனுஷன் பிக்காசைப் பிடுங்கிக்கொண்டு எதிர்த்து நின்றார். சண்டை இழுத்தடித்து, 1784-ல் வருஷம் 10 பவுண்டுக்குத் தண்ணீர் ஒப்பந்தமானது. 1799-ல் ஏல் வகையை விட்டுவிட்டு, கறுப்பு போர்ட்டரை மட்டுமே காய்ச்சினார். 1803-ல் மறைந்தார்.

நீ தொழில் தொடங்கினா, எதுக்காக பிக்காசு தூக்கணும்னு முதல்ல தெரிஞ்சுக்கோ.