மிடறு காத்த பெரியார் மகாவைத்தியநாத சிவன்

திருச்சிற்றம்பலம்

பாற்கடலில் ஆலகால நஞ்சு எழுந்தபோது உலகங்களைக் காக்கத் திருவுளங்கொண்ட பெருமான் அதனைத் தன் திருமிடற்றிலே தாங்கினான். அதனால் திருநீலகண்டன் என்னும் திருநாமம் பெற்றான். சைவர் மிடற்றைப் போற்றுதற்கு இஃதொன்றே சாலும். மேலும், தருமபுரத்தில் திருஞானசம்பந்தப் பெருமான் அருளிய யாழ்முரித் திருப்பதிகத்தைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழில் அடக்க இயலாது வருந்திய வரலாறும் நாம் அறிந்ததே. கையாற் செய்த கருவி எட்டாத இடத்தையும் மிடறு எட்டும் என்பது அதனால் விளங்கும். அத்தகைய மிடற்றை இறைவன் தந்த அடைக்கலப் பொருளாகக் கொண்டு பேணிய பெரியார் ஒருவரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர்தல் பொருந்தும். அவரே மகாவைத்தியநாத சிவன்.

தஞ்சையை அடுத்த வையச்சேரியில் 1844ஆம் ஆண்டு, பஞ்சநதையருக்கு மைந்தராக அவர் தோன்றினார். அவருடைய தமையனார் இராமசாமி சிவன் புலமையும் பத்தியும் ஒருங்கே வாய்ந்தவர். அறுபத்துமூவர் வரலாற்றைப் பெரியபுராணக் கீர்த்தனையாகப் பாடியவர். உடன்பிறந்தார் இருவரும் கொண்ட சிவபத்தியின் மிகுதியாலேயே உலகம் அவர்களைச் சிவன் என்று அழைக்கலாயிற்று. இளையவர், தியாகராச சுவாமிகளின் மாணாக்கராகிய மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் இசை பயின்றார்.

பன்னிரண்டாம் அகவையில் அவர் வாழ்வில் ஒரு பெருநிகழ்ச்சி நேர்ந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தில் அந்நாளிற் சின்னப்பட்டத்தில் எழுந்தருளியிருந்த ஸ்ரீ சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில், கல்லிடைக்குறிச்சியில், வயதிலும் புகழிலும் முதிர்ந்த வித்துவான்கள் கூடிய அவையிலே இச்சிறுவர் பாடினார். கேட்ட தேசிகர் மகிழ்ந்து, மகா என்னும் அடைமொழியை அவர் பெயரோடு சேர்த்து வழங்கினார். தமிழும் இசையும் தேர்ந்த அப்பெருந்தகை அளித்த அவ்வீரெழுத்துச் சிறுசொல், பின்னாளில் எத்தனையோ பொன்னாடைகளினும் மேலாக நின்றது.

பன்னிரண்டு வயதிற் பெறும் புகழ் இனியது. ஆயினும் அச்சம் தருவது. ஆண்பிள்ளைகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதளவில் குரல் உடையும். குரல்வளை வளர்ந்து, அதனுள் அமைந்த குரல்நாண்கள் நீண்டு தடித்து, தொனி கீழிறங்கும். அக்காலத்திற் பழைய சுருதியிலேயே பாடுமாறு பிள்ளையை வற்புறுத்தினால் கேடு நேரும். அடியேன் இளமையில் திருமடத்துப் பாடசாலையில் பயின்றபோது உடன்பயின்ற மாணாக்கர் ஒருவர் இருந்தார். அவர் திருத்தாண்டகம் ஓதினால் வழிச்செல்வோர் நின்று கேட்பர். குரல் மாறும் பருவத்தில், சளியும் காய்ச்சலும் இருக்க, ஊரார் விருப்பத்துக்கு இணங்கித் திருவிழாப் பத்து நாளும் உச்சத்தொனியில் பாடினார். பின்னர் அக்குரல் மீளவேயில்லை. பாராட்டிய நாங்கள் அனைவரும் அதற்குப் பொறுப்பாளிகளே என்னும் எண்ணம் அடியேனை இன்றும் வருத்துகின்றது. இளம்புகழ் பெற்ற வையச்சேரிச் சிறுவர் அப்பருவத்தைக் கடந்து, முன்னினும் பெருமை பெற்றார் என்பதை எண்ணுந்தோறும், அவரை வளர்த்தோரின் பொறுமையும் அவர்தம் அடக்கமும் வியப்பை விளைக்கின்றன.

அவர் பாடிய காலம் ஒலிபெருக்கி தோன்றாத காலம். கோயில் மண்டபத்திலும் மடத்தின் பெருங்கூடத்திலும் திரண்ட மக்களுக்கு மிடற்றின் வலிமை ஒன்றாலேயே பாட்டு எட்ட வேண்டும். மூன்று தாயியிலும் தடையின்றி உலவிய அவர் குரலின் வளத்தைக் கேட்டோர் வழிவழியாகச் சொல்லி வந்தனர். இஃது இயற்கைக் கொடை மட்டும் அன்று. நாள்தோறும் நீராடித் திருநீறும் உருத்திராக்கமும் அணிந்து சிவபூசை செய்தபின்னரே பிறவற்றைக் கருதும் ஒழுக்கத்தினர் அவர். வரையறுத்த வாழ்வினர் என்றும், குரலைப் பேணுவதிற் கண்ணும் கருத்துமாக இருந்தவர் என்றும் அவரைப் பற்றி எழுதியோர் குறித்துள்ளனர். பூசைப் பாத்திரத்தை மற்றொன்றுக்கு எடாதவாறு போலவே, இறைவனைப் பாடும் மிடற்றையும் கண்டவாறு ஆளாமை அவர்க்கு இயல்பாயிற்று.

இவ்வொழுக்கத்தின் பயனை இக்கால மருத்துவ அறிவு நன்கு விளக்குகின்றது. குரல்நாண்கள் இரண்டும் மெல்லிய சவ்வால் மூடப்பெற்றவை. ஆண்மகன் பேசும்போது அவை நொடிக்கு ஏறத்தாழ 100 முறைக்கு மேல் ஒன்றோடொன்று மோதும். மேல் ஷட்ஜத்தைத் தொடும்போது ஆதார ஷட்ஜத்திற்கு இருமடங்காக அதிரும். அத்துணை மோதலையும் தாங்குவது அவற்றின் ஈரமே. பருகும் நீர் உணவுக்குழாய் வழியே செல்வதன்றிக் குரல்நாண்களைத் தொடுவதில்லை. ஆதலின் பாடத் தொடங்கும்போது ஒரு குவளை வெந்நீர் பருகினால் போதும் என்பது பிழை. நாள் முழுதும் நீர் பருகி உடல் முழுதும் ஈரம் பெற வேண்டும். இரவில் தாமதமாக உண்டு உடனே படுப்பாருக்கு வயிற்றுப் புளிப்பு மேலெழுந்து குரல்வளையைப் புண்ணாக்கும். புகையிலை குரலுக்குப் பகை. அடிக்கடி தொண்டையைக் கனைத்தல் குரல்நாண்களை அடித்து மோதுவிப்பதாகும். குரல் கம்மியபோது கிசுகிசுத்துப் பேசுதலும் ஓய்வு ஆகாது; மௌனமே ஓய்வு. மூன்று வாரத்திற்கு மேலும் கரகரப்பு நீடித்தால் கைமருந்தோடு நில்லாது மருத்துவரை அணுகுதல் கடமை. அளவான உணவு, காலத்தில் உறக்கம், வீண்பேச்சு ஒழித்தல், வைகறைச் சாதகம் என்று நம் முன்னோர் வகுத்த நியமங்கள் இவற்றோடு பெரிதும் ஒத்திருத்தல் காண்க.

குரல் காத்தல் என்பது குரலை ஆளாமல் மூடிவைத்தல் அன்று என்பதும் உணரத்தக்கது. சிவனவர்களோடு ஒரே ஆசிரியரிடம் பயின்றவர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர். அவர்க்கு இயற்கையில் எளிதில் வசப்படும் குரல் அமையவில்லை. இடையறாத சாதகத்தால் அதனைப் பண்படுத்திப் பெருவித்துவானாக விளங்கினார். ஒருவர்க்கு வளமான நிலம் வாய்த்தது. மற்றொருவர்க்குக் கரம்பு வாய்த்தது. இருவரும் உழுதனர். உழாத நன்செய்யும் களை மண்டும் என்பதை நல்ல குரல் படைத்த இளைஞர்கள் மறவாதிருப்பாராக.

காத்த குரலைச் சிவனவர்கள் எதற்குச் செலவிட்டார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. தஞ்சை மன்னர் சிவாசியின் மருமகனாராகிய சகாராம் சாகேபைப் புகழ்ந்து, இலாவணி வேங்கடராவ் என்பார் 72 மேளகர்த்தா இராகங்களின் பெயரும் அமைய மராத்தியில் ஒரு நூல் இயற்றியிருந்தார். அதற்கு இசையமைக்கும் பணி சிவனவர்களிடம் வந்தது. அதனை அவர் திறம்பட முடித்தார். ஆயினும் அரும்பெரும் இசைக்கோவை ஒரு மானிடர் புகழோடு நின்றுவிடுதல் அவர்தம் உள்ளத்திற்கு அமைதி தரவில்லை. ஆதலின், திருவையாற்றில் எழுந்தருளிய பிரணதார்த்திஹரப் பெருமான்மீது வடமொழியில் தாமே மேளராகமாலிகையை இயற்றினார் என்பர். 72 இராகங்களும் முறையே தொடுக்கப்பெற்று, ஒவ்வொன்றின் சிட்டைச்சுவரமும் அடுத்த இராகத்தின் வாயிலைக் காட்டி முடியும் அரிய மாலை அது. அவற்றுள் 40 இராகங்கள் விவாதி மேளங்கள். நெருங்கிய சுவரங்களை மயங்காது ஒலிக்க வேண்டியவை. சிறிது பிசகிய குரலும் அங்கே தன் குறையை வெளிப்படுத்திவிடும். பேணாத மிடற்றிற்கு அம்மாலை எட்டாது.

தமையனாரின் பெரியபுராணக் கீர்த்தனைகளையும் சிவனவர்கள் பாடிப் பரப்பினார். அடியார் வரலாற்றை ஏட்டிற் படிக்க இயலாத எளியோரும் செவிவழியே அதனைப் பெற்றனர்.

1893ஆம் ஆண்டு, தம் ஐம்பதாம் அகவையையும் எட்டாமல், அவர் சிவனடி சேர்ந்தார். நம் நாட்டில் இசைத்தட்டுப் பதிவு வணிக முறையில் தொடங்கியது 1902இல். ஆதலின் அப்பெருங்குரலைக் கேட்கும் பேறு நமக்கு இல்லை. அவ்வளவு அருமையாகக் காத்த பொருள் காற்றோடு கலந்துவிட்டதே என்று நெஞ்சம் ஏங்கும். ஆயினும் ஆராய்ந்தால் அஃது அழியவில்லை என்பது தெளிவாம். உமையாள்புரம் சுவாமிநாதையர், சபேசையர் முதலிய மாணாக்கர் வழியே அவர்தம் பாடமுறை நின்றது. மேளராகமாலிகை இன்றும் பாடப்படுகின்றது. அவர் காத்தது வெறும் தொனியன்று. அத்தொனி தாங்கிய நெறி என்க.

இக்குடமுழுக்கு நன்னாளில் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். திருமுறை ஓதும் சிறுவர் சிறுமியரை ஒலிபெருக்கியோடு போட்டியிட்டுக் கத்துமாறு ஏவற்க. அவர்தம் குரல் மாறும் பருவத்திற் சுருதியைத் தாழ்த்திக்கொடுத்து, ஓய்வும் அளிக்க. ஓதுவாமூர்த்திகள் நாளெல்லாம் ஓதும் விழாக்களில் மாற்றாள் ஒருவரை அமர்த்துவதும், வெந்நீரும் காலத்தில் உணவும் உதவுவதும் திருப்பணியே ஆகும்.

வேள்விச்சாலையில் கும்பங்களைக் காலந்தோறும் பூசித்துக் கண்ணெனக் காக்கின்றோம். நிறைவில் அப்புனித நீரைத் துளியும் மிச்சமின்றி விமானத்தின்மேல் சொரிந்துவிடுகின்றோம். சொரிதற்பொருட்டே அக்காவல். மிடற்றைக் காத்தலும் அத்தகையதே. வையச்சேரிப் பெரியார் அவ்வாறு காத்தார்; அவ்வாறே சொரிந்தார். அவர் நெறியில் நின்று, இத்திருக்கோயிலிற் பல்லாண்டு ஒலிக்கும் நற்குரல்கள் பெருகுமாறு நீலகண்டப் பெருமான் திருவருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்