எழுத்துக்கு முன் பாட்டு: ஆசிரியர் எம்.சி.ராஜா

மாதவரம், பெரம்பூர் பக்கத்திலிருந்து ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் மாணவர்கள், முதன்முதலாக வகுப்பில் நிற்கும்போது ஒரு தடுமாற்றத்தைச் சந்திக்கிறார்கள். பாடம் தெரியும். ஆனால், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. இந்தக் கேள்விக்காகப் புத்தகமே எழுதியவர், ஒடுக்கப்பட்டோரின் தலைவர் எம்.சி.ராஜா.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883 ஜூன் 17 அன்று பரங்கிமலையில் பிறந்தார். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியரானார். மாணவர்களுக்கான பாடநூல்களும் எழுதினார்.

அன்று பல ஊர்களில் பள்ளிக்கூடம் அக்ரகாரத்திலோ கோயில் மண்டபத்திலோ நடந்தது. அந்தத் தெருவிலேயே நடக்க முடியாத சேரிப் பிள்ளை பள்ளிக்கு எப்படிப் போகும்? 1920 முதல் அரசின் தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. ‘லேபர் ஸ்கூல்’ என்று மக்கள் அழைத்த அவைதான் பிற்காலத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயின.

1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரான ராஜா, 1920இல் சென்னை சட்டமன்றத்தில் நுழைந்தார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று பதிய வேண்டும் என அவர் கொண்டுவந்த தீர்மானத்தை 1922இல் அரசு ஏற்றது. பள்ளிப் பதிவேட்டில் இழிசொல்லோடு ஏறிய பிள்ளையின் பெயர் மதிப்போடு ஏறத் தொடங்கியது.

வட சென்னையையும் அவர் மறக்கவில்லை. 1921இல் பெரம்பூர் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது மோதல் மூண்டு, புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். நீதிக்கட்சியின் போக்கில் கசப்புற்று, 1923இல் அக்கட்சியை விட்டு விலகினார்.

இத்தனை அரசியலுக்கு இடையிலும் அவருக்குள் இருந்த ஆசிரியர் ஓயவில்லை. 1930இல் ஆர்.ரங்கநாயகி அம்மாளுடன் சேர்ந்து ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்ற நூலை வெளியிட்டார். மழலையருக்குக் கற்பிப்பவர்களுக்கான கையேடு அது. குழந்தைப் பாடல்களும் விளையாட்டுப் பாடல்களும் அதில் இடம்பெற்றன. ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் 1840இல் கிண்டர்கார்டன் என்று பெயரிட்ட முறை, ராஜாவின் கையில் தமிழ்ப் பாட்டோடு சேர்ந்தது.

அந்த முறையின் அடிப்படை எளிமையானது. குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்க வேண்டும். கையும் காலும் ஆடட்டும், வாய் பாடட்டும், எழுத்து பிறகு வரட்டும். வீட்டில் புத்தகமே பார்க்காத பிள்ளைக்கு இது பெரிய வரம். எழுத்தை முதலில் வைத்தால், வீட்டில் எழுத்து உள்ளவன் முந்திக்கொள்வான். பாட்டை முதலில் வைத்தால், தாலாட்டு கேட்டு வளர்ந்த எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். பாடத்தை எந்த வரிசையில் அடுக்குகிறோம் என்பதிலும் சமூக நீதி இருக்கிறது.

1932இல் மூஞ்சேயுடன் ராஜா செய்த ஒப்பந்தம் அம்பேத்கரின் நிலைப்பாட்டுக்கு மாறானது. அதற்காக இன்றும் அவர் விமர்சிக்கப்படுகிறார். 1937இல் இடைக்கால அமைச்சரவையில் அமைச்சராக இருந்தார். 1943இல் மறைந்தார்.

சைதாப்பேட்டையில் அவர் பெயரால் அமைந்த மாணவர் விடுதியைப் பலரும் அறிவார்கள். அவர் எழுதிய கையேட்டை அறிந்தவர்கள் குறைவு. பள்ளியின் கதவைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே வந்த பிள்ளை முதல் நாளே பயந்து திரும்பிவிடக் கூடாது என்பதை ஆசிரியர் ராஜா உணர்ந்திருந்தார். நாளை பாடம் நடத்தப் போகும் மாணவர்கள், பாடக்குறிப்பு எழுதும் முன் வகுப்பின் கடைசி வரிசைப் பிள்ளையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது எதுவோ, அதுதான் பாடத்தின் முதல் வரி.