உப்புநீரை அளந்து ஏற்றிய மருத்துவர்

பூன் லேயில் என் பக்கத்து வீட்டில் வசிக்கும் தாதிமை மாணவி அடிக்கடி போடும் கணக்கு இது: 1,000 மில்லிலிட்டர் சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி என்றால், நிமிடத்திற்கு எத்தனை துளி? விடை, ஏறத்தாழ 42.

நோயாளிக்கு எவ்வளவு தேவை என்று அளந்து ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர் லெனர்ட் ரோஜர்ஸ். இங்கிலாந்தின் கார்ன்வாலில் 1868ல் பிறந்த அவர், 1893ல் இந்திய மருத்துவச் சேவையில் சேர்ந்தார்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அப்போது காலரா நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மாண்டனர். வயிற்றுப்போக்கில் உடல்நீர் வற்றி, அவர்களின் ரத்தம் கெட்டியானது.

வழக்கமான உப்புநீரை ஏற்றினாலும் அது உடலில் தங்கவில்லை. ரோஜர்ஸ் அதில் உப்பைக் கூட்டினார். எவ்வளவு ஏற்றுவது? கிளிசரினும் நீரும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த குப்பிகளில் நோயாளியின் ரத்தத் துளிகளை விட்டார். எந்தக் கலவையில் துளி மூழ்காமலும் மேலெழாமலும் நின்றதோ, அதன் அடர்த்தியே ரத்தத்தின் அடர்த்தி. அது கூடுதலாக இருந்தால் உப்புநீரும் கூடுதலாகத் தேவை. குறைத்து ஏற்றினால் ரத்த ஓட்டம் தளரும். மிகுந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

இறப்பு விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

கல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி உருவாகவும் உழைத்த ரோஜர்ஸ், 1962ல் 94 வயதில் காலமானார்.

இன்று பல மருத்துவமனைகளில் துளிகளின் வேகத்தைப் பம்பு பார்த்துக்கொள்கிறது. ஆனால், அதில் எண்ணைப் பதிவு செய்வது தாதியின் விரல். அந்த எண் சரிதானா என்று மனத்திலேயே கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவரிடமே நோயாளி பத்திரமாக இருக்கிறார்.