வெள்ளி ரயிலும் இரும்பு ரயிலும்

சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயிலைத் திருவிழாக் கடையில் கண்டு ஆசைப்படாத சிறுவர் உண்டோ? வைகைப் பாலத்தில் ரயில் கடக்கும் ஓசையைக் கேட்டு வளர்ந்த செல்லூர்க்காரனாகிய என்னையும் அவ்வாசை விட்டதில்லை. அதே ஆசை ஓர் அரசரையும் ஆட்கொண்டது. அவரே குவாலியர் மன்னர் மாதவராவ் சிந்தியா.

1876-ஆம் ஆண்டில் பிறந்த அவர், தந்தையார் மறையவே 1886-இல் சிறுவராக இருக்கும்போதே அரியணை ஏறினார். பின்னாளில், ஜெய்விலாஸ் அரண்மனையின் உணவு மேசைமீது தண்டவாளம் பதித்து, வெள்ளியாலான சிறு ரயிலை மின்விசையால் ஓடவிட்டார். மதுக்குப்பிகளையும் சுருட்டுகளையும் சுமந்துகொண்டு அது விருந்தினரிடம் வரும். குப்பியை எடுத்தால் நிற்கும். திரும்ப வைத்தால் நகரும்.

மன்னரின் ஆசை மேசையோடு நின்றுவிடவில்லை. இரண்டடி அகல இருப்புப்பாதை அமைத்து, பிந்த், சிவபுரி, சியோப்பூர் ஆகிய ஊர்களைக் குவாலியருடன் இணைத்தார். அவர் 1925-இல் பாரிஸ் நகரில் மறைந்த பின்னரும், ஏழை எளியோர் பல்லாண்டுகள் அதில் பயணம் செய்தனர்.

வெள்ளி ரயில் இன்றும் அரண்மனை அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது. இரும்பு ரயிலோ 2020-இல் நின்றது. அங்கே அகலப்பாதை வருகிறது. பழைய விளையாட்டு ரயில்களைத் தேடிச் சேர்த்து, துருநீக்கி, பழுதுபார்த்து ஓட்டி மகிழ்வோர் உலகெங்கும் உள்ளனர். மக்களைச் சுமந்த பழைய எஞ்சின்களுக்கும் அந்த அக்கறை கிடைக்க வேண்டும் என்பதே என் அவா. அம்மன்னரின் பெயரை மக்கள் மனத்தில் நிறுத்தியவை அவையல்லவா?