நிறங்களின் நெறி கண்ட நம் நாட்டு அறிஞர்

கொங்கு நாட்டின் மானாவாரிக் காடுகளில் செஞ்சோளம் முற்றும்போது மணிகள் செம்மை பூணுகின்றன. பூஞ்சை தாக்கிய சோளத்தின் இலையிலோ செந்நிறப் புள்ளிகள் தோன்றுகின்றன. பக்கத்து வயலில் மஞ்சளாய் மலர்ந்த பருத்திப் பூ மறுநாள் சிவந்து வாடுகிறது. நாம் நாள்தோறும் கண்டும் காணாமல் செல்லும் இந்நிறங்கள் யாவும் ஃபிளவனாய்டு என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள். இக்குடும்பத்தை ஆராய்வதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பேராசிரியர் டி. ஆர். சேஷாத்ரி.

இவர் 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். திருவரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளிப் படிப்பை முடித்த சேஷாத்ரி, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்றார். அங்கேயே பேராசிரியர் பி. பி. டே அவர்களின் வழிகாட்டுதலில் ஆராய்ச்சியிலும் இறங்கினார். 1927இல் அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, மான்செஸ்டரில் இராபர்ட் இராபின்சனிடம் மாணவரானார். மலர்களுக்குச் சிவப்பும் நீலமும் தரும் ஆந்தோசயனின்களை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் கலையை அங்கே கற்று, 1929இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1930இல் தாயகம் திரும்பிய அவருக்கு நம் கோயம்புத்தூர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. மலர்களின் நிறத்தை ஆராய்ந்து வந்தவர் மண்ணைச் சோதிக்கும் பணியை ஏற்றார். அதே காலத்தில், 1923இல் இங்கே தொடங்கப்பெற்ற சிறுதானிய ஆராய்ச்சி நிலையத்தில் ஜி. என். ரங்கசாமி ஐயங்கார் சோளத்தின் நிறங்கள் தலைமுறை தலைமுறையாக எவ்வாறு வருகின்றன என்று கணக்கிட்டு வந்தார். ஊதா இலையுறை கொண்ட சோளத்தைப் பழுப்பு நிறச் சோளத்துடன் கலந்தால் முதல் தலைமுறையில் ஊதாவே மேலோங்கும் என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. நிறத்தின் வேதியியலை அறிந்தவர் ஒருவரும், நிறத்தின் மரபை ஆராய்ந்தவர் ஒருவருமாக இருவர் ஒரே ஊரில் பணியாற்றினர். ஆனால் மரபையும் வேதியியலையும் இணைக்கும் பாலம் எதுவென்று அன்று உலகில் எவருக்கும் தெளிவாகத் தெரியாது.

1933இல் சேஷாத்ரி வால்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவர் நம்பியது விலையுயர்ந்த கருவிகளையன்று. நம் நாட்டுச் செடிகொடிகளையே. கே. நீலகண்டத்துடன் சேர்ந்து பருத்திப் பூக்களிலுள்ள நிறப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் அமைப்பை விளக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது பல்கலைக்கழகம் குண்டூருக்கு மாற வேண்டி வந்தது. அந்த இன்னலிலும் ஆராய்ச்சி நிற்கவில்லை.

ஒரு பொருளின் அமைப்பைக் கண்டதோடு அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. செடி அதனை எப்படிச் செய்கிறது என்றும் சிந்தித்தார். ஃபிளவனாய்டு ஒவ்வொன்றின் எலும்புக்கூடும் 15 கரி அணுக்களால் ஆனது. இதன்மேல் உயிர்வளி சேர்வதாலும் நீங்குவதாலும் பலவகை நிறப்பொருள்கள் பிறக்கக்கூடும் என்று காட்ட, அத்தகைய மாற்றங்களைத் தம் ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்த்தார்.

பிற்கால அறிவியல் அந்தப் பாலத்தைக் கண்டது. மரபணு நொதியைச் செய்யக் கட்டளையிடுகிறது. நொதி நிறத்தைச் செய்கிறது. சால்கோன் சிந்தேஸ் என்னும் நொதியே சிறு மூலக்கூறுகளைக் கோத்து முதற்கட்டத்தை அமைக்கிறது. அடுத்தடுத்து வரும் நொதிகள் அதனைச் செதுக்குகின்றன. மக்காச்சோளத்தில் இந்த நொதிக்குரிய மரபணு பழுதுற்றால் மணியில் ஊதா நிறம் உண்டாகாது. மக்காச்சோள மணிகளின் புள்ளிகளை ஆராய்ந்தே இடம் மாறும் மரபணுக்களைக் கண்டார் பார்பரா மெக்ளின்டாக் என்னும் பெண்மணி. அதற்காக 1983இல் நோபல் பரிசும் பெற்றார். சோளத்திலும் மணியின் செம்மைக்கு உரிய நொதிகளைத் தூண்டிவிடும் மரபணு ஒன்று அறியப்பட்டுள்ளது.

இவ்வறிவால் உழவருக்கு என்ன பயன் என்று நாம் கேட்கலாம். சோள இலையின் செம்புள்ளி வெறும் நோயின் அடையாளமன்று. பூஞ்சையை எதிர்த்துச் செடி சுரக்கும் நச்சுப்பொருளே அந்தச் செம்மை. நிறமும் துவர்ப்பும் மிகுந்த மணியைப் பூசணமும் பறவையும் எளிதில் அணுகுவதில்லை. ஆனால் உண்பவரும் அந்தத் துவர்ப்பை விரும்புவதில்லை. வெண்மணியையே நாடி நிறத்தை அடியோடு நீக்கினால் காவலையும் இழக்க நேரிடும். எதை வைப்பது, எதை விலக்குவது என்று முடிவு செய்ய, எந்த மரபணு எந்த நொதியை ஆள்கிறது என்னும் அறிவு இன்றியமையாதது. கதிர் மழையில் நனைந்து பூசணம் பிடித்தால் ஓராண்டு உழைப்பே வீணாகும் அல்லவா?

1949இல் டில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறைத் தலைமையை ஏற்ற சேஷாத்ரி, அதனை உலகறிந்த ஆய்வு மையமாக்கினார். 1960இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினர் தகுதியும், 1963இல் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளையும், நூற்றுக்கு மேற்பட்ட முனைவர்களையும் நாட்டுக்கு அளித்த அப்பெருந்தகை 1975 செப்டம்பர் 27இல் மறைந்தார்.

மண் சோதனை செய்த கைகளே மலரின் இரகசியத்தையும் திறந்தன. கிடைத்த பணியைச் செவ்வனே செய்துகொண்டே, உள்ளத்தில் எழுந்த வினாவை அணையாமல் காத்தவர் அவர். அவர் விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டிய வினாக்கள் இன்னும் நம் சோளக்காட்டிலேயே காத்திருக்கின்றன. அவற்றுக்கு விடை காணும் கைகளுள் நம் கைகளும் இருக்கட்டும், தோழியரே!