யோஷிடா ஹிரோஷியும் மதுரை அச்சோவியமும்
ஜப்பானிய ஓவியர் யோஷிடா ஹிரோஷி 1876இல் குருமேயில் பிறந்தார். 1920 முதல் பதிப்பாளர் வதனபேயுக்காக மரக்கட்டை அச்சோவியங்களைப் படைத்தார். அக்கட்டைகள் 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத் தீயில் அழிந்தன. 1925இல் சொந்தப் பட்டறை நிறுவி, செதுக்குதல், அச்சிடுதல் இரண்டையும் தம் மேற்பார்வைக்குள் கொணர்ந்தார். அத்தகைய அச்சுகளின் ஓரத்தில், தாமே அச்சிட்டது எனப் பொருள்படும் ‘ஜிசுரி’ முத்திரையைப் பொறித்தார்.

1930-31இல் மகன் தோஷியுடன் இந்தியாவில் பயணம் செய்தார். அப்பயணத்தில் விளைந்த வரிசையில் மதுரைக் கோயிலும் இடம்பெற்றது. 1950இல் அவர் மறைந்த பின்னரும் அவருடைய கட்டைகளிலிருந்து படிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஜிசுரி முத்திரை பொதுவாக இராது. பென்சில் கையொப்பம் இருக்குமிடத்தில் அச்சுக் கையொப்பமே காணப்படும். ஆதலின், மதுரை அச்சை 1930களின் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் முதற்கண் அதன் ஓரத்தை நோக்குதல் வேண்டும்.